முகத்துவாரத்து மைதானத்தில் கார்னிவல்: ராட்டினத்தில் ஏறுங்கள், வளையம் எறியாதீர்கள்

கொழும்பு முகத்துவாரத்துப் பக்கம் மைதானத்தில் இந்த டிசம்பருக்கும் கார்னிவல் வந்து இறங்கியிருக்கிறது. போகலாமா, காசுக்குப் பெறுமதியா என்று பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். போகலாம். நுழைவு ஆளுக்கு 200 ரூபா, ஐந்து வயதுக்குக் கீழே இலவசம். பெரிய ராட்டினம் 400, குதிரைச் சுற்று 250, பம்பர் கார் 500, செங்குத்துச் சுவரில் மோட்டார் சைக்கிள் ஓட்டிக் காட்டும் மரணக் கிணறு 300. தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என்று ஒரு குடும்பம் போய், ஏறவேண்டியதில் ஏறி, ஆளுக்கொரு கொத்து ரொட்டியும் சாப்பிட்டு வந்தால் எட்டாயிரத்தைத் தாண்டும். குறைந்த காசு இல்லைதான். ஆனால் குளிரூட்டிய மோலில் பிள்ளைகளை விளையாட விட்டால் அதே காசு ஒன்றரை மணித்தியாலத்தில் கரைந்துவிடும். இங்கே ஐந்து மணிக்குப் போனால் பத்து மணிவரை வீட்டுக்குப் போகலாம் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

கிறிஸ்துமஸ் நெருங்கினால் கொழும்பில் அங்கங்கே கார்னிவல் போடுவார்கள். நான் பார்த்தவரைக்கும் பெரும்பாலும் ஒரே முறைதான். ஒரு ஆள் மைதானத்தை எடுப்பார். ராட்டினம் ஒருவரிடம், கிணறு இன்னொருவரிடம், ஜெனரேட்டர் வேறொருவரிடம் என்று வாடகைக்குப் பேசிச் சேர்ப்பார். நாள் முடிந்ததும் ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள். நடுவில் ஒரு நட்டு கழன்றால் அது யாருடைய நட்டு என்று கேட்க ஆள் இருக்காது. முகத்துவாரத்தில் நிற்பது அந்த மாதிரிச் சேர்க்கை இல்லை, ஒரே குடும்பத்துடையது. டிக்கட் பெட்டிக்குள் இருக்கிறவர் அம்மா. ராட்டினத்தின் லீவரைப் பிடிக்கிறவர் மூத்த மகன். ஜெனரேட்டரோடு கிடக்கிறவர் பெரிய மருமகன். கிணற்றில் ஓடுகிறவர் சின்ன மருமகன். உணவுக் கடைகளும் விளையாட்டுக் கடைகளும் பேய் வீடும் மட்டும் வெளியார். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் எங்கே காசு போடலாம், எங்கே போடக்கூடாது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

நான் கிராண்ட்பாஸில் லேத் பட்டறை வைத்திருக்கிறவன். ஒரு ராட்டினத்தைப் பார்த்தால் விளக்கு அலங்காரத்துக்கு முதல் பேரிங்தான் என் கண்ணில் படும். அக்காவின் பிள்ளைகள் இருவரும் கையைப் பிடித்து இழுக்க, நான் முதலில் ராட்டினத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். நாலு காலுக்கும் அடியில் பலகைக் கட்டை அடுக்கி மட்டம் பார்த்திருந்தார்கள். மைதானத்து மண் ஒரு பக்கம் மென்மை. அந்தப் பக்கக் கட்டைகள் அகலமாக இருந்தன. கூண்டைத் தாங்கும் ஒவ்வொரு முளையிலும், அது கழன்று விழாமல் மாட்டும் கொட்டர் பின் புதுசு. பழையதை நிமிர்த்தி மறுபடி போடும் கஞ்சத்தனம் இல்லை. ஷாஃப்டின் இரண்டு முனையிலும் கிரீஸ் வெளியே தள்ளி நின்றது, அன்றைக்குத்தான் அடித்திருக்கிறார்கள். ஒரு இடத்தில் வெல்டிங் கொஞ்சம் அவலட்சணம். ஆனால் உறுதி. இவ்வளவும் பார்த்த பிறகுதான் பிள்ளைகளை ஏற்றினேன்.

ஏறத்தாழ 45 அடி உயரம், பன்னிரண்டு கூண்டு. டீசல் எஞ்சின் ஒரு கம்பிவடத்தை இழுக்கிறது, வடம் சக்கரத்தின் விளிம்பைச் சுற்றிப் போகிறது. வரிசையில் முதலில் நின்றவர்களை விட்டுவிட்டுப் பின்னால் நிற்கிறவர்களை மூத்த மகன் கூப்பிட்டு ஏற்றுவார். அன்றைக்கு ஒரு ஐயா இதற்காகப் பெரிய சண்டை பிடித்தார். சண்டைக்குத் தேவையே இல்லை. கீழே ஒரு கூண்டில் நாலு தடித்த ஆட்களை ஏற்றினால் நேர் எதிரே மேலே இருக்கும் கூண்டுக்கும் அதே பாரம் வரவேண்டும். ஒரு பக்கம் மட்டும் நிரப்பினால் சக்கரம் தன் பாட்டுக்கு உருளப் பார்க்கும், பிரேக்குக்கும் வடத்துக்கும் அடி. அவர் வரிசையைப் பார்க்கவில்லை, ஆட்களின் உடம்பைப் பார்த்து எடை போடுகிறார். தராசு இல்லாமல் இதைச் செய்ய எத்தனை வருடப் பழக்கம் வேண்டும் என்று அந்த ஐயாவுக்குச் சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கிற மனநிலையில் இல்லை.

மேலே போனால் காசு திரும்பி வந்துவிடுகிறது. ஒரு பக்கம் துறைமுகத்துக் கிரேன்கள், இன்னொரு பக்கம் கொட்டாஞ்சேனை சென்ட் லூசியாஸ் ஆலயத்தின் குவிமாடம், அதற்கும் அப்பால் தாமரைக் கோபுரம் நிறம் மாறி மாறி நிற்கிறது. கடல் இருட்டாகத் தெரியும், காற்று மட்டும் முகத்தில் அடிக்கும். சின்னவள் கண்ணை மூடிக்கொண்டு, "மாமா, இறங்கியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எட்டுச் சுற்று விடுகிறார்கள். இடையில் நிறுத்தி ஆள் ஏற்றும்போது உச்சியில் தொங்கும் அரை நிமிடத்தையும் சேர்த்தால் 400 ரூபா நியாயம்.

ராட்டினம் என்றால் சிகாகோவை நினைக்காமல் என்னால் இருக்க முடியாது. 1893 உலகப் பொருட்காட்சிக்காக ஜோர்ஜ் ஃபெரிஸ் என்ற பொறியியலாளர் கட்டிய சக்கரம் 264 அடி, 36 பெட்டி, பெட்டிக்கு 60 பேர். ஒரே நேரத்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஏறலாம். ஆனால் அதை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? முடியாது. சென்ட் லூயிஸ் பொருட்காட்சிக்கு ஒரு தடவை கழற்றிப் பூட்டினார்கள், 1906ல் வெடி வைத்துத் தகர்த்துப் பழைய இரும்பாக விற்றார்கள். ஃபெரிஸ் அதற்குப் பத்து வருடம் முன்னமே, 37 வயதில், காய்ச்சலில் இறந்துவிட்டார். எனக்குப் பிடித்த ஆள் வில்லியம் சலிவன். இல்லினோய் மாநிலத்தில் பாலம் கட்டும் தொழில் செய்தவர், சிகாகோவில் அந்தச் சக்கரத்தில் ஏறிப் பார்த்துவிட்டு வந்து, கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போகக்கூடிய ஒரு சின்னச் சக்கரத்தை 1900ல் செய்து காட்டினார். கார்னிவல் ஒரு குடும்பத் தொழிலாக மாறியதற்கு அந்த மாதிரிச் சக்கரம்தான் வழி விட்டது. ஒரு குடும்பம் வாங்கலாம், நாலு பேர் சேர்ந்து பூட்டலாம், திருவிழா முடிந்ததும் அடுத்த ஊருக்குப் போகலாம். கிரேக்கத்திலிருந்து அமெரிக்காவுக்குப் போய் மல்யுத்தம் செய்துகொண்டிருந்த ஸ்ட்ரேட்ஸ் என்பவர் 1923ல் ஆரம்பித்த கார்னிவலை அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நெடுங்காலம் ரயில் பெட்டிகளில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். முகத்துவாரத்துக்காரர்களிடம் ரயில் இல்லை, ஐந்து லொறிதான். கதை மட்டும் அதே சாயல்.

கதையை எனக்குச் சொன்னவர் டிக்கட் பெட்டி அம்மா. எழுபதை எட்டியிருப்பார். வெள்ளிக்கிழமைகளில் ஏழு மணிக்கு முன்னர் கூட்டம் இருக்காது. பிளாஸ்டிக் கதிரை ஒன்றைப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, "இருங்க மகன்" என்றார். நீர்கொழும்புக்காரி, வீட்டில் சிங்களம் பேசி வளர்ந்தவர். கலியாணம் முடித்து வந்தது ஜிந்துப்பிட்டித் தமிழ்க் குடும்பத்துக்கு. அவருடைய தமிழில் இரண்டு ஊரும் கேட்கும்.

அவருடைய மாமனார் துறைமுகத்தில் தச்சு வேலை பார்த்தவர். ஆடிவேல் விழாவுக்குப் போகும் இடத்தில் கையால் சுற்றும் நாலு பெட்டி ராட்டினத்தைப் பார்த்துவிட்டு, தானே ஒன்று செய்திருக்கிறார். சுதந்திரத்துக்கு முந்திய காலம். ஆடிவேல் என்பது கொழும்புக்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: செட்டியார் தெருக் கோயில்களிலிருந்து வேல் தேரில் புறப்பட்டுக் காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் போகும். வாந்திபேதி பரவும் என்று கதிர்காம யாத்திரையை வெள்ளைக்காரன் அரசாங்கம் கட்டுப்படுத்திய காலத்தில், 1874ல் தொடங்கியது. தேர் நிற்கும் நாட்களில் காலி வீதி முழுவதும் கரும்பு, காப்பு, பேரீச்சம்பழம், பம்பாய் முட்டாசு. அந்தக் கடைகளுக்கு நடுவில் மாமனாரின் நாலு பெட்டி. சுற்றுக்கு ஐந்து சதம் வாங்கினாராம். கையால் சுற்றுவதற்குத் தம்பிமார் இருவர்.

அப்புறம் ஒரு பழைய எஞ்சின் கிடைத்தது, குதிரைச் சுற்று வந்தது, ஒரு லொறி வந்தது. இந்தத் தொழிலுக்கு நாட்காட்டியே தனி. மே மாதம் வெசாக், ஜூன் 13ல் கொச்சிக்கடை அந்தோனியார், ஆடியில் வேல், தலவில அன்னம்மாள், ஓகஸ்ட் 15 மடு மாதா, முன்னேஸ்வரம், டிசம்பரில் கொழும்பு. மூன்று மதத்துச் சாமியும் சேர்ந்துதான் இவர்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. மழையையும் பார்க்கவேண்டும். தென்மேற்குப் பருவமழையில் கொழும்பு நனையும் மாதங்களில் மட்டக்களப்பும் திருகோணமலையும் காய்ந்திருக்கும், அப்போது லொறிகள் கிழக்கே போகும். கிழக்கில் மழை பிடிக்கும்போது இந்தப் பக்கம் வந்துவிடுவார்கள். மைதானம் சேறானால் ராட்டினம் சாயும். அதனால் வானத்தைப் பார்ப்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் பழக்கம், பேசிக்கொண்டிருக்கும்போதே அம்மாவும் இரண்டு தடவை அண்ணாந்து பார்த்தார்.

பழைய கார்னிவலில் காசு ராட்டினத்தில் வரவில்லை என்று அவர் மறைக்காமல் சொன்னார். சூதாட்ட மேசையில் வந்திருக்கிறது. மேடை போட்டு பைலா, ரெக்கார்ட் டான்ஸ், அதற்குப் பின்னால் கித்துல் ஓலை மறைப்புக்குள் மேசை. பொலிஸ் வந்தால் மேசை மடிந்து லொறிக்குள் போய்விடும். மாமனார் கண்மூடிய பிறகு பொறுப்பு இவர் கைக்கு வந்தது. முதல் வேலையாக மேசையை நிறுத்தினார். நல்ல எண்ணத்தில்தானா என்று கேட்டேன். "நல்ல எண்ணமும்தான். பொம்பிளைகளும் பிள்ளைகளும் வரமாட்டேன் எண்டாங்க மகன், அவங்க வந்தாத்தானே ஆம்பிளையள் காச எடுப்பாங்க" என்றார். மேடையை அவர் நிறுத்தத் தேவைப்படவில்லை. 1979ல் தொலைக்காட்சி வந்தது, 1982ல் ரூபவாஹினி அலைவரிசை வந்தது, சனிக்கிழமை இரவுகளில் ஊர் வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டது. டான்ஸ் பார்க்க ஆள் குறைய மேடை தானாக மறைந்தது. தொலைக்காட்சியால் கூட்டிக்கொண்டு வர முடியாத ஒன்று வேண்டும் என்றுதான் பம்பர் காரும் மரணக் கிணறும் வாங்கினார்கள். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்திருந்தது, பழைய பம்பர் கார்கள் கப்பலில் வந்தன.

1983 ஜூலையில், தமிழர்களுக்கு எதிரான கலவரம் வெடித்தபோது, மாமனார் உயிரோடு இருந்தார்; இவர்கள் தெற்கே ஒரு ஊரில் நின்றிருக்கிறார்கள். நுழைவாயில் பலகையில் மாமனாரின் பெயர், பெரிய எழுத்தில். செய்தி வந்த அன்று இரவே ஊர்க்காரர் சிலர் வந்து லொறிகளைத் தென்னந்தோட்டத்துக்குள் விடச் சொல்லி, மேலே ஓலை போட்டு மூடியிருக்கிறார்கள். மாமனாரை ஒரு அரிசிக் களஞ்சியத்தில் வைத்துப் பூட்டிக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆறு நாள். "பலகையில அவர்ட பேர அழிச்சி என்ட பேர எழுதினோம்" என்றார். இப்போதும் பலகையில் இருப்பது அம்மாவின் பெயர்தான். ஒரு சிங்களப் பெண் பெயர், சுற்றிலும் விளக்கு. நான் வருடக்கணக்காக அதைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன், யாரோ நீர்கொழும்பு முதலாளி என்று நினைத்துக்கொண்டு. அதைத் திரும்ப மாற்றவில்லையா என்று நான் கேட்கவில்லை. ஒரு குடும்பம் நுழைவாயிலில் நின்று பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்ததா இல்லையா என்று வாதாட ஆரம்பித்தது, அவர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கூட்டம் கூடுவதே பயம். அடுத்த மார்ச்சில் கொரோனா ஊரடங்கு. லொறி லீசிங் தவணை மட்டும் நிற்கவில்லை. டிராகன் ரயில் என்று ஒன்று வைத்திருந்தார்கள், அதைப் பழைய இரும்புக்கு எடை போட்டுக் கொடுத்தார்கள். மூத்த மகன் த்ரீவீலர் ஓட்டினார். தலையெடுக்கப் பார்க்கும்போது 2022 பொருளாதார நெருக்கடி. அந்த வருடம் ஜூன் கடைசியில் டீசல் லீட்டர் 460 ரூபாவுக்குப் போனது நினைவிருக்கும், அதுவும் வரிசையில் கிடந்தால்தான். ராட்டினம், கிணறு, விளக்கு எல்லாவற்றுக்கும் டீசல் குடிக்கும் தொழில் இது. அப்போது எரிபொருள் பங்கீட்டுக் கியூஆர் அட்டைக்கு வாரத்துக்குக் கிடைத்த அளவில் ஜெனரேட்டர் எத்தனை இரவு ஓடியிருக்கும்? பெரிய மருமகனிடம் கேட்டேன். சிரித்துவிட்டு ஸ்பனரைத் தேடப் போனார்.

இந்தக் கணக்கு தெரிந்தால் 400 ரூபா டிக்கட்டின் மேல் கோபம் வராது. மாநகர சபைக்கு மைதான வாடகை, கேளிக்கை வரி, பொலிஸ் அனுமதி, டீசல், இருபது பேருக்குச் சம்பளம், சாப்பாடு. மழை பெய்த இரவுக்கு வருமானம் பூச்சியம், செலவு அப்படியே.

சரி, மரணக் கிணறு. கொடுத்த 300 ரூபாவுக்கு மைதானத்திலேயே அதிகம் கிடைப்பது இங்கேதான். விட்டம் முப்பது அடி, உயரம் கிட்டத்தட்ட இருபது. செங்குத்தான பலகைச் சுவர், வெளியே மேலும் கீழும் இரும்புக் கயிறு இறுக்கிக் கட்டியிருக்கிறது. பலகைகளுக்கு வெளிப்பக்கம் வெள்ளை மையால் எண் போட்டிருக்கிறார்கள், ஒவ்வொரு ஊரிலும் அதே பலகை அதே இடத்தில் போகவேண்டும் என்பதற்காக. பூட்ட இரண்டு நாள், கழற்ற ஒரு இரவு. படியேறி மேலே வட்டமாக நின்று கீழே பார்க்கவேண்டும்.

மோட்டார் சைக்கிள் முதலில் அடிச் சரிவில் சுற்றும், அப்புறம் ஒரு முறுக்கு, சுவரில் நிற்கும். பலகை உங்கள் கைக்கடியில் அதிரும், சைலன்சர் கழற்றிய சத்தம் நெஞ்சுக்குள் இறங்கும். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. சுவர் டயரை உள்ளே தள்ளுகிறது, தள்ளும் அழுத்தத்தால் உராய்வு வருகிறது, உராய்வு ஆளைக் கீழே விழாமல் பிடிக்கிறது. இந்த அகலக் கிணற்றில் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் அளவுக்கு இறங்கினால் டயர் வழுக்கத் தொடங்கும். 40ல் ஓடினால் உடம்பு தன் எடையைப் போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு பாரமாகிவிடும். கழுத்தைத் தூக்குவதே வேலை. 1910களில் அமெரிக்காவில் பலகைப் பந்தயப் பாதைகளைச் சுருக்கிச் சுருக்கிச் செங்குத்தாக்கி உருவான வித்தை, 1929ல் இங்கிலாந்துக்குப் போனது, அங்கும் இங்கும் குடும்பம் குடும்பமாகவே கைமாறி வருகிறது. இங்கே சின்ன மருமகன் முன்பு வேறொரு கார்னிவலில் ஓடியவராம். கிணற்றைத் துடைக்க வந்தவர் மகளைக் கட்டிக்கொண்டார் என்று அம்மா சொன்னார், குறையாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை.

எனக்கு இரண்டு மனக்குறை. அவர் ஹெல்மெட் போடுவதில்லை. அம்மாவிடமே சொன்னேன். "தல பாரமாகுது எண்டு சொல்றான் மகன்." கணக்குப் பார்த்தால் அவர் சொல்வது பொய்யும் இல்லை, ஒன்றரைக் கிலோ ஹெல்மெட் அங்கே நாலு கிலோவுக்கு மேல் இழுக்கும். இருந்தாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. பாரம் குறைந்த ஹெல்மெட்டுகள் இன்று கிடைக்கின்றன. மற்றது, சுவரின் விளிம்புவரை ஏறி வந்து பார்வையாளர் நீட்டும் காசுத்தாளைப் பிடுங்கும் வித்தை. கூட்டம் இதற்குத்தான் கத்துகிறது. ஆனால் சின்னப் பிள்ளைகள் கையை நீட்டுகிறார்கள், அந்த இடத்தில் ஒரு ஆள் நின்று பிள்ளைகளைப் பின்னால் இழுக்கவேண்டும். நாங்கள் போன அன்று நிற்கவில்லை. பிள்ளைகளை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள்.

பம்பர் கார் பன்னிரண்டில் ஒன்பதுதான் ஓடுகிறது. மேலே கம்பி வலை, கீழே இரும்புத் தகடு, இரண்டுக்கும் நடுவில் காரின் கம்பு தொட்டு மின்சாரம் எடுக்கும் பழைய முறை. வலையில் பொறி பறப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வலையில் துரு பிடித்த இடத்தில் அப்படித்தான். தகட்டைத் தினமும் துடைக்கிறார்கள். ஐந்து நிமிடம் என்கிறார்கள், நாலுதான் வருகிறது. குதிரைச் சுற்றின் குதிரைகளுக்குப் புது வர்ணம், ஒரு குதிரைக்கு மட்டும் மாமனார் செதுக்கிய பழைய மரத்தலை. எது என்று நான் சொல்லமாட்டேன், காது சின்னதாக இருக்கும். பேய் வீடு வேண்டாம். 300 ரூபாவுக்கு இருட்டு, ஒரு எலும்புக்கூட்டுப் படம், வியர்வை நாற்றம்.

சாப்பாடு பற்றி நீட்ட ஒன்றுமில்லை. கொத்து 850, கோழி எண்ணிப் பார்க்கும் அளவு. இஸ்ஸோ வடை (இறால் வடை) காலிமுகத்திடலில் கிடைப்பதற்குக் கிட்டவும் வராது. அச்சாறு நன்று, அதிலும் அம்பரெல்லாக் காய் போட்டது. வெரலுக் காயில் புளிப்பு அதிகம். தும்பு முட்டாசு 150. அதைச் சுற்றும் எந்திரத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் அமெரிக்கப் பல் வைத்தியர், 1897ல். வாடிக்கையாளரைத் தானே தயார் செய்துகொள்ளும் மூளை! எங்கள் சின்னவளுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது அவள் இரண்டாவதும் கேட்டாள்.

வளையம் எறியும் கடைக்கு மட்டும் போகாதீர்கள். இது குடும்பத்துடையது இல்லை, இடம் வாடகைக்கு எடுத்தவர்கள். ஐந்து வளையம் 200. கட்டையின் மேல் கைத்தொலைபேசிப் பெட்டி, வாசனைத் திரவியம், ஐயாயிரம் ரூபாத் தாள். வளையம் கட்டையின் அடிவரை இறங்கினால்தான் பரிசு. கட்டைக்கும் வளையத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி எனக்குக் கண்ணால் பார்த்தாலே தெரியும், வேலை அது. தட்டையாக, நேர் மேலேயிருந்து விழுந்தால் போகும். கைக்கு எட்டாத தூரத்திலிருந்து எறியும் வளையம் சரிந்துதான் வரும், ஒரு மூலையில் இடித்து நிற்கும். நான் கேட்டதற்குக் கடைக்காரப் பொடியன் தானே குனிந்து கையால் வைத்துக் காட்டினான், "போகுதுதானே அண்ணே" என்றான். கையால் வைத்தால் போகத்தான் செய்யும். பலூன் சுடும் கடையில் துப்பாக்கிக் குழல் வளைவு. மாமனாரின் மேசையை மடித்து வைத்த குடும்பம் இந்தக் கடைகளை ஏன் விடுகிறது என்று அம்மாவிடம் கேட்டேன். அந்த வாடகையில்தான் மைதான வாடகை கட்டுவதாகச் சொன்னார். பதில் எனக்குத் திருப்தி இல்லை. அவருக்கும் இல்லை என்று தோன்றியது.

கழிப்பறை மோசம். பெண்களுக்கு இரண்டு, தண்ணீர் எட்டு மணிக்குத் தீர்ந்துவிடுகிறது. வீட்டிலிருந்து போய்விட்டுப் போவது நல்லது. ஒலிபெருக்கி காதைத் துளைக்கிறது. ராட்டினத்துப் பாட்டும் கிணற்று அறிவிப்பும் மூன்று மொழியில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கடைசியில் எதுவும் விளங்காது. பக்கத்து வீடுகளில் கைக்குழந்தைகள் இருக்கும், பத்து மணிக்கு மேலாவது குறைக்கலாம்.

பேத்தி ஒருத்தி இருக்கிறாள், நீர்கொழும்பில் பாட்டியின் தாய்வீட்டில் தங்கி உயர்தரம் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்து கணக்கு எழுதுகிறாள். இங்கிலாந்தில் இந்தத் தொழில் செய்கிறவர்கள் 1889லேயே சங்கம் அமைத்தார்கள். வண்டியில் வாழ்கிறவர்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று வரவிருந்தது, அதை எதிர்க்கத்தான் சங்கம்; அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்ற பேச்சும் அந்தச் சட்டத்தில் இருந்தது. இங்கே அப்படிச் சங்கம் இருப்பதாக அம்மா சொல்லவில்லை. தாய்வீடு இருந்தால் பிள்ளை படிக்கும், இல்லையென்றால் லொறியோடு போகும், அவ்வளவுதான் ஏற்பாடு. ராட்டினத்தை நீ எடுப்பாயா என்று பேத்தியைக் கேட்டேன். "முதல்ல பாஸாகிட்டுச் சொல்றன் அங்கிள்" என்றாள். டிக்கட் பெட்டியில் காசு கட்டும் கியூஆர் ஒட்டவேண்டும் என்று பாட்டியோடு தினமும் சண்டையாம்.

இன்னும் ஒட்டவில்லை, ஆகவே காசாகக் கொண்டு போங்கள், அதுவும் சில்லறையாக. ஐயாயிரம் ரூபாத் தாளை அம்மா வாங்கமாட்டார். திங்கள் முதல் வியாழன்வரை கூட்டம் குறைவு, ராட்டினத்தில் இரண்டு சுற்று கூடுதலாக விடுகிறார்கள். மழை தூறினால் ராட்டினத்தையும் கிணற்றையும் உடனே நிறுத்துவார்கள், டிக்கட்டைக் கிழிக்காமல் வைத்திருந்தால் மறுநாள் ஏற்றுவார்கள். ஜனவரி முதல் வாரம்வரை இருக்கும். தைப்பொங்கலுக்கு முன்னர் லொறிகள் சிலாபத்துக்குப் புறப்படுகின்றன.